கவிதாவுக்குக் கண்ணீர் விட்டோம், அவள் கணக்கை யார் பார்த்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் படியுங்கள்.

யூடியூபில் இப்போது ஒரு வகை வீடியோ நிறைய வருகிறது. மனநல ஆலோசகர்கள் ஒரு சினிமாவை எடுத்துக்கொண்டு, இந்தப் பாத்திரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது, இந்த அண்ணன் தங்கைக்குள் என்ன சிக்கல் என்று விளக்குகிறார்கள். என் மருமகள்தான் காட்டினாள். நல்ல விஷயம் என்றே எனக்குப் பட்டது. சொந்தக்காரர் வீட்டு விவகாரத்தைப் பேசினால் சண்டை வரும். சினிமாப் பாத்திரத்தைப் பேசினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் ஆலோசகர் இல்லை. ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியலை ஒரு பாடமாகப் படித்தவள், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வீட்டு நிலைமையைத் தெரிந்துகொள்வது எங்கள் தொழிலில் பாதி. அந்தத் தைரியத்தில் ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1974இல் வந்த கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'. சுஜாதா நடித்த கவிதா வேலைக்குப் போகிற பெண். அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுச் சாமியாராகப் போய்விட்டார். அம்மா, குடிகார அண்ணன், அவன் மனைவி மக்கள், விதவைத் தங்கை, கல்யாணமாகாத தங்கை, கண் தெரியாத தம்பி, இத்தனை பேருக்கும் அவள் ஒருத்தியின் சம்பளம். தெலுங்கில் 'அந்துலேனி கதா', வங்காளத்தில் 'கபிதா', இந்தியில் 'ஜீவன் தாரா', கன்னடத்தில் 'பெங்கியல்லி அரளித ஹூவு' என்று ஒவ்வொரு மொழியாகப் போனது. அத்தனை ஊரிலும் இப்படி ஒரு பெண் இருந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

என் வயதுக்காரர்கள் இந்தப் படத்தை ஒரே சொல்லில் சொல்லுவோம், 'தியாகம்'. தியாகி என்று கும்பிட்டுவிட்டால் அதற்கு மேல் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பாருங்கள்.

ஒரு ஆலோசகர் இந்தக் குடும்பத்தைப் பார்த்தால் முதலில் கேட்கும் கேள்வி, 'அப்பாவின் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?' என்பதாகத்தான் இருக்கும். பெற்றோர் செய்ய வேண்டியதைப் பிள்ளையே சுமக்கும் நிலைக்கு உளவியலில் தனிப் பெயரே உண்டு. ஆங்கிலத்தில் பேரன்டிஃபிகேஷன் என்பார்கள். பிள்ளை பெற்றோராக்கப்படுவது என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இவான் போசோர்மெனி நாஜ் என்ற மனநல மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவருடைய முக்கியமான புத்தகம் 1973இல், நம் படத்துக்கு ஒரு வருடம் முன்னால் வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேரேடு இருக்கிறது என்பது அவர் கருத்து. யார் எவ்வளவு கொடுத்தார்கள், யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற கணக்கு அதில் இருக்கும். ஒரே ஆள் கொடுத்துக்கொண்டே இருந்து, அது யார் கண்ணிலும் படாமல் போனால், அந்தப் பாக்கி எங்காவது வெடிக்கும்.

கவிதாவிடம் அது நாக்கில் வெடிக்கிறது. படம் முழுக்கச் சுள்ளென்று பேசுவாள். வீட்டில் எல்லோருக்கும் அவளிடம் பயம். அதைத் திமிர் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது களைப்பாகத் தெரிகிறது. 'எனக்கு முடியவில்லை' என்று சொல்ல அந்த வீட்டில் அவளுக்கு அனுமதி இல்லை. அதனால் கோபமாக வருகிறது.

அண்ணன் மூர்த்தியையும் தனியாகப் பார்க்கக் கூடாது. வீட்டில் ஒருவர் அளவுக்கு மீறிப் பொறுப்பெடுத்தால் இன்னொருவர் பொறுப்பைக் கீழே போட்டுவிடுவார். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று குடும்ப ஆலோசனைத் துறையில் சொல்கிறார்கள். மூர்த்தியின் குடிக்குக் கவிதாவைப் பொறுப்பாக்கவில்லை. ஆனால் அவன் செய்யாததையெல்லாம் செய்ய ஓர் ஆள் இருந்ததால் அந்த வீடு அப்படியே ஓடியது என்பதும் உண்மை.

கதை என்ன ஆகிறது? அண்ணன் திருந்துகிறான். கவிதாவும் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குத் தயாராகிறாள். கல்யாண நாளில் அண்ணன் கொல்லப்படுகிறான். தன் இடத்தில் தங்கையை உட்கார வைத்துவிட்டு அவள் மறுபடியும் வேலைக்குப் போகிறாள். நாம் அழுதோம். எனக்கு இந்த முடிவோடுதான் சண்டை. அந்தக் குடும்பம் அவளை விடுவிக்கத் தயாராகிவிட்டது. தலைப்புக்காக இயக்குநர்தான் அவளை விடவில்லை. சினிமாவுக்கு அது சரி. நம் வீடுகளில் எந்த இயக்குநரும் இல்லை. முடிவை நாம் மாற்றி எழுதலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வீட்டு வேலை செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. தம்பிக்குத் தலை வாரி விடுவதும், கடைக்குப் போய் வருவதும் பிள்ளையை வளர்க்கும். அந்த வேலை வயதுக்கு ஏற்றதா, கொஞ்ச காலத்துக்கா அல்லது என்றென்றைக்குமா, 'நீ செய்தாய், பார்த்தோம்' என்று யாராவது சொன்னார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பில் முதல் பீரியடுக்குத் தாமதமாக வரும் பெண்களில் சிலர் அதற்குள் ஒரு குடும்பத்துக்கே சமைத்துவிட்டு வந்திருப்பார்கள். 'பொறுப்பான பொண்ணு' என்று ஊர் மெச்சும். அந்தப் பாராட்டே விலங்காகிவிடும். பிறகு நாற்பது வயதிலும் அவளால் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

இதைப் படிக்கும் பலருக்கு இப்போது அந்த வயது. அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

மூத்த பிள்ளைகளாகப் பிறந்தவர்களே, அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, அப்பாவின் மாத்திரை, தம்பியின் கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். யார் எதைச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் பெயர் போடுங்கள். ஒரே பெயர் வரிசையாக வந்தால் அந்தத் தாளை உடன்பிறந்தவர்களிடம் காட்டுங்கள். கோபப்படாமல் கேட்டால் பாதிப் பேராவது கொடுப்பார்கள். தம்பி தங்கைகளே, 'அக்கா பார்த்துக்குவா' என்ற வாக்கியத்தை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். ஒரு வாரம் அம்மாவை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்புவது மட்டும் பங்கு ஆகாது. பெற்றவர்களே, என் வயதுக்காரர்களே, நம்மைத் தாங்கிய பிள்ளையிடம் 'உன்னால்தான் நாங்கள் நிமிர்ந்தோம்' என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அதற்குக் காசு ஆகாது.

அதே சமயம், இரண்டு வீடியோ பார்த்துவிட்டு மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். புரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு, திட்டுவதற்கு அல்ல. பாரம் தாங்க முடியாமல் தூக்கம் போய்விட்டது, அழுகை நிற்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. 2022 முதல் இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

படத்தை இன்னொரு முறை பாருங்கள், இந்தத் தடவை கவிதாவின் பேரேட்டையும் கையில் வைத்துக்கொண்டு. உங்கள் வீட்டுக் கவிதா யார் என்று தோன்றினால் இங்கே எழுத வேண்டாம். அவளுக்கே ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்