ஒரே மாலையில் முடிகிற பஞ்சாயத்து

குயிலாப்பாளையம் மாதிரி ஊர்களில் வக்கீல்கள் தலையிடாவிட்டால் பாகத் தகராறே இருக்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் ஒரே மாலையில் முடிப்பதை நாங்கள் வானூர், திண்டிவனம், விழுப்புரம் என்று வருஷக்கணக்கில் இழுக்கிறோமாம். 2023-ம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டமே ஊர்ப் பஞ்சாயத்துக்கு முத்திரை குத்திவிட்டதாம். முதல் வாதம் அரை உண்மை. இரண்டாவதில் அந்த அரையும் இல்லை.

சட்டத்தைப் பிரித்தாவது பார்த்திருக்கலாம். சமூக மத்தியஸ்தம் பற்றிய 43, 44-ம் பிரிவுகள், வட்டாரத்தின் அமைதியைக் குலைக்கக்கூடிய பூசல்களுக்கானவை. இரு தரப்பும் சம்மதிக்காமல் அதைத் தொடங்கவே முடியாது. அதில் ஏற்படும் உடன்படிக்கையை சிவில் கோர்ட் தீர்ப்பாணை போல நிறைவேற்ற முடியாது என்றும் சட்டமே சொல்கிறது. 2023 அக்டோபரில் அமலுக்கு வந்த பிரிவுகளில் இவை இரண்டும் இல்லவும் இல்லை. இதைத்தான் அவர் முத்திரை என்கிறார்!

சரி, அந்த ஒரே மாலைக்கு வருவோம். ஆரோவில்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் பக்கத்தில் இருப்பதால், முந்திரிக் கொல்லையாகக் கிடந்த நிலத்துக்கெல்லாம் இன்று சதுர அடிக் கணக்கில் விலை. கோயில் வாசலில் அண்ணன்மார் நாற்காலியில் இருப்பார்கள். கட்டிக்கொடுத்த பெண் ஓரமாக நிற்பாள். “சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, இன்னும் என்னம்மா பாகம்?” என்பார் ஒரு பெரியவர். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் தனக்குப் பாத்தியதை இல்லை என்று எழுதி அவள் கையெழுத்துப் போடுவாள். மாலை முடிந்தது.

தகராறு அங்கேதான் தொடங்குகிறது. அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும் என்பது 1908-லிருந்து இருக்கும் சட்டம். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. 2005-ல் நாடாளுமன்றம் அதைத் திருமணமான மகள்களுக்கும் உரியதாக்கியது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நாளைக்கு அந்த நிலத்தை வாங்க வருபவர் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்த்துவிட்டு, “தங்கச்சி கையெழுத்து எங்கே?” என்று கேட்பார். அன்று பிறக்கும் வழக்குக்கு அப்பன், அந்தப் பஞ்சாயத்து.

வக்கீல்கள் சமரசத்துக்கு எதிரிகளாம். சென்னை உயர் நீதிமன்றம் 2005-ல் சமரச மையம் திறந்தது. அங்கே சமரசம் பேசுபவர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடியும் வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது, அந்த முடிவு தீர்ப்பாணைக்குச் சமம், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வரும். கட்சிக்காரர்கள் தாங்களே வெளியில் பேசி முடித்த வழக்கில் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று ஒரு தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. யார் தெரியுமா? சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகம். 2021 பிப்ரவரியில் அது தோற்றது. குறுக்கே நின்றது கறுப்புக் கோட்டு அல்ல.

செலவா? 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உண்டு. பஞ்சாயத்தில் அந்தப் பெண்ணுக்காகப் பேச யார் இருந்தார்?

பேசினால் எல்லாம் தீரும் என்பவர் பக்கத்து ஆரோவில்லைப் பார்க்கட்டும். மனித ஒருமைப்பாட்டுக்கென்றே 1968-ல் பிறந்த நகரம். கிரவுன் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்களைச் சாய்த்ததில் மூண்ட தகராறு பசுமைத் தீர்ப்பாயம் போய், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது. ஒற்றுமையே கொள்கையான ஊருக்குக் கோர்ட் வேண்டும். நிலத்தைக் கூறுபோடும் பங்காளிகளுக்கு வேண்டாமா?

தாமதம் உண்மை. வாய்தா வாங்கியே பிழைக்கும் வக்கீல்களும் உண்டு. அவர்கள்மேல் பார் கவுன்சிலில் புகார் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கோர்ட் மெதுவாகப் போகிறது என்பதற்காக, பலவான் பக்கம் வேகமாகச் சாயும் தராசை நியாயம் என்று விற்காதீர்கள். அடுத்த பஞ்சாயத்தில் அந்தப் பெண்ணுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். சட்டம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்போதும் ஒரே மாலையில் முடிகிறதா, பார்ப்போம்.