பிழைத்த படங்கள்

இந்தச் சிறப்பிதழுக்கு வந்த, கோப்பை வேண்டுமென்றே கெடுத்துச் செய்யும் கிளிட்ச் படங்களில் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அழகில் குறை ஒன்றுமில்லை. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் செய்தவருக்கே சொல்லத் தெரியவில்லை, அதுதான் காரணம். கைப்பேசிச் செயலியில் ஒரு பொத்தானைத் தொட்டதும் சிவப்பும் நீலமும் விலகி நிற்கின்றன. அது வேறு யாரோ எப்போதோ செய்து டப்பாவில் அடைத்து வைத்த பிழை. கட்டளை வரியில் உட்கார்ந்து நாமே ஒரு கோப்பை உடைப்பது வேறு வேலை. அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல முன்னோடி கணினித் திரையில் இல்லை, எங்கடினில் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கில் இன் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு அது. ஏரி, பனி, சிகரம் என்று அங்கே எடுக்கும் எந்தப் படமும் காலண்டர் படம்போல வந்துவிடும். 1894-ல் அங்குள்ள மாலோயாவில் குடியேறிய ஓவியர் செகந்தினி, அந்த வெளிச்சத்தைக் கலக்காத வண்ணக் கீற்றுகளாகப் பிரித்து வரைந்தார். 1989 முதல் சில்ஸ் கிராமத்துக்கு விடுமுறைக்குப் போகத் தொடங்கிய ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வரையப் போகவில்லை. எல்லாரையும் போலப் படம் எடுத்தார். பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் அளவில் சாதாரணப் பிரதி போட்டார். பெரிய ஓவியங்களில் சாயத்தை இழுக்கப் பயன்படுத்திய ஸ்குவீஜி பட்டையில் மிஞ்சியிருந்த ஈரச்சாயத்தில் அந்தப் பிரதியை அழுத்தி இழுத்தார். மலை பாதி மறைந்தது, ஏரிமேல் சிவப்பு வழிந்தது. சரிவராதவற்றை ஒழித்துவிட்டார். 1992-ல் சில்ஸ் மரியாவில் நீட்சே கோடைகாலங்களைக் கழித்த வீட்டிலேயே, ஹான்ஸ் உல்ரிக் ஓப்ரிஸ்டின் ஏற்பாட்டில், இந்தச் சின்னப் படங்கள் காட்சிக்கு வந்தன. 2023 டிசம்பரில் அதே வீட்டிலும் செயின்ட் மோரிட்ஸின் செகந்தினி அருங்காட்சியகத்திலும் ஒரு காட்சிக்கூடத்திலுமாக அவருடைய எங்கடின் படைப்புகள் மீண்டும் தொங்கின.

சாயம் எங்கே விழும் என்று ரிக்டருக்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு ஈரம், எந்தத் திசை, எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் தெரியும். நம் வேலையிலும் இந்த அளவு அறிவு வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பிஎம்பி கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான 24 பிட் வகையில் முதல் 54 பைட்டுகள் தலைப்பு. அதைத் தனியே வெட்டி வைத்துவிட்டு மீதியை ஒலி என்று சொல்லி சாக்ஸ் கருவியிடம் கொடுத்து, எதிரொலி சேர்த்து, தலைப்பை மறுபடி ஒட்டுகிறோம். இதுவரை எல்லாரும் செய்வதுதான். கணக்கு போடுபவர் குறைவு. 1600 பிக்சல் அகலப் படத்தில் ஒரு வரிக்கு 4800 பைட். பைட்டுக்கு ஒரு மாதிரியாக, நொடிக்கு 48,000 மாதிரி என்று வைத்தால் ஒரு வரி சரியாக 0.1 நொடி. ஆகவே ஒரு நொடி எதிரொலி என்றால் பத்து வரி தள்ளி ஒரு நிழல். பிஎம்பி கீழிருந்து மேலாக எழுதப்படுவதால் அந்த நிழல் மேலே ஏறும். 1.02 நொடி கொடுத்தால் கூடவே 320 பிக்சல் வலப்பக்கம் நகரும். தாமதம் மூன்றால் வகுபடாத பைட் எண்ணிக்கையாக அமைந்தால் நிழலில் வண்ணங்கள் இடம் மாறிக்கொள்ளும். சில்ஸ் ஏரிப் படம் ஒன்றில் இதைச் செய்து பார்த்தேன். சிகரத்துக்கு மேலே இன்னொரு சிகரம், மங்கலாக, நான் சொன்ன இடத்தில் வந்து நின்றது.

ஜேபெக் அப்படி அடங்காது. படம் எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் சராசரி ஒளியும் முந்தைய கட்டத்தைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்றே எழுதப்படுகிறது. மளிகைக்கடைப் பேரேட்டில் ஒரு நாள் இருப்பு தப்பினால் அதற்கப்புறம் எல்லா நாளும் தப்புமே, அந்த மாதிரி. ஒரே ஒரு பைட்டை மாற்றினால் அங்கிருந்து கீழ்வரை ஏரி முழுக்க ஊதாவாகிவிடலாம். படத்தரவு தொடங்குவதைக் காட்டும் 255, 218 என்ற குறி வந்து, அடுத்துள்ள சிறு தலைப்பும் முடிந்த பிறகே கைவைக்க வேண்டும். கேமராக் கோப்புகளுக்குள் இருக்கும் குட்டி முன்னோட்டப் படத்திலும் அதே குறி உண்டு. அதை நம்பி உடைத்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று திகைப்பவர்கள் பலர். இமேஜ்மேஜிக் கருவியால் கூடுதல் தகவல்களை முதலில் களைந்துவிடுங்கள். பைட்டை மாற்றும்போது அங்கே 255-ஐ மட்டும் போடாதீர்கள். திறக்கும் மென்பொருள் அதை ஒரு குறி என்று எண்ணி நின்றுவிடக்கூடும். பிஎன்ஜி ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால் பெரும்பாலும் திறக்கவே மறுக்கும்.

பிழை என்றால் தவறு, பிழைத்தல் என்றால் உயிரோடிருப்பது. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. கோப்பு கெட வேண்டும், ஆனால் திறக்கவும் வேண்டும்.

ரிக்டரும் பின்னால் கணினிக்கு வந்தார். 1990-ல் தீட்டிய ஓர் அரூப ஓவியத்தின் படத்தை 2, 4, 8 என்று 12 முறை பிரித்து 4096 கீற்றுகள் வரை கொண்டுபோனார். 2011-ல் தொடங்கிய ‘ஸ்ட்ரிப்’ வரிசை அதிலிருந்து பிறந்தது. அந்த முறையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த இதழுக்கு அனுப்புவோர் மூன்று கோப்புகளாக அனுப்புங்கள்: உடையாத மூலம், உடைந்த படம், இடையில் தட்டிய கட்டளை. கட்டளையை எங்கள் கணினியில் ஓட்டிப் பார்ப்போம். தற்செயல் எண் கேட்கும் கருவியானால் அதன் தொடக்க எண்ணையும் எழுதுங்கள். அது இல்லாததால் இம்முறை இரண்டு அருமையான படங்களைச் சேர்க்க முடியாமல் போயிற்று.