முள் சொல்லும் சேதி

பழைய புல்லட்டில் மலையேறுகிறவர்கள் பாட்டரியைச் சபிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

பாரலாச்சா லா கணவாய். உயரம் சுமார் 4,890 மீட்டர். மாலை நான்கு மணி. வளைவில் ஹாண்டில்பாரைத் திருப்பியதும் பழைய புல்லட் ஒரு இருமலோடு நின்றுவிடுகிறது. விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. கிக்கரை இருபது முறை உதைத்ததில் மூச்சு வாங்குகிறதே தவிர எஞ்சின் மசியவில்லை. மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் கோடைதோறும் காணக் கிடைக்கும் காட்சி இது. கேலாங்கைத் தாண்டிவிட்டால் மெக்கானிக் கிடைப்பது அதிர்ஷ்டம். இருட்டிவிட்டால் குளிர் எலும்பைத் தொடும்.

இப்படி நிற்பவர்களில் பெரும்பாலோர் முதலில் பழி போடுவது பாட்டரி மீது. புது பாட்டரி வாங்கி மாட்டிவிட்டு, அடுத்த கணவாயில் மறுபடியும் நிற்பவர்கள் உண்டு. உண்மையான குற்றவாளி பல சமயம் தளர்ந்துபோன ஒரு நட்டுதான்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் புல்லட் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. ஆனால் வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய வண்டிகள் இன்னமும் மலையேறுகின்றன. அவற்றின் மின்சார சமாசாரம் எளிமையானது: ஆல்டர்னேட்டர், ரெக்டிஃபையர், பாட்டரி, காயில், பாயிண்ட். ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சாலையோரத்திலேயே கோளாறைப் பிடித்துவிடலாம்.

முதல் சாட்சி, ஹெட்லைட் கூட்டின் மேல் இருக்கும் ஆம்மீட்டர். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டால் முள் கழித்தல் பக்கம் சாய வேண்டும். அசையாமல் நடுவிலேயே நின்றால் கரண்ட் வரவில்லை என்று அர்த்தம். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: பாட்டரி முனைகள், ஃப்யூஸ், எர்த் வயர், ஆம்மீட்டரின் பின்புற நட்டுகள். அதிர்வில் அந்த நட்டுகள் தளர்ந்தால் மொத்த வண்டியும் செத்துவிடும். திருப்பும்போது மட்டும் நிற்கிற வண்டியில், ஹாண்டிலோடு சேர்ந்து வளையும் வயர்க் கட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பாட்டரிக்கும் விசாரணை உண்டு. 12 வோல்ட் பாட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நல்ல நிலையில் உள்ளது. எஞ்சினை ஓடவிட்டு மிதமாக முறுக்கினால் 14ஐ நெருங்க வேண்டும். 13க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, பாட்டரி கொதித்துப்போகும்.

அதிகம் ஏமாற்றுவது எர்த். விளக்கைப் போட்டுவிட்டு மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவிலும் மறு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே எங்கோ துரு அல்லது பெயின்ட் குறுக்கே நிற்கிறது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும்.

குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடேறியதும் நின்று, அரை மணி நேரம் கழித்துத் திரும்பவும் கிளம்புகிற வண்டியில் காயில் அல்லது கண்டென்சர் மீது சந்தேகம் விழும். பாயிண்ட் இடைவெளி 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

சில வினைகள் தாமாகத் தேடிக்கொள்பவை. இருட்டுக்குப் பயந்து 100/90 வாட் பல்பு மாட்டுகிறார்கள். பழைய ஆல்டர்னேட்டரால் அந்தப் பசியைத் தீர்க்க முடியாது. ஃப்யூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றுகிறார்கள். அடுத்த ஷார்ட்டில் ஃப்யூஸுக்குப் பதில் வயரிங் எரியும். உதைத்துக் களைத்தவர்கள் சாவியை அணைக்க மறக்கிறார்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சூடேறி, நல்ல பாட்டரியும் காலியாகும்.

கிளம்புமுன் பையில் போட வேண்டியவை அதிகமில்லை: ஃப்யூஸ் நான்கு, பாயிண்ட், கண்டென்சர், இரண்டு மீட்டர் வயர், இன்சுலேஷன் டேப், உப்புத்தாள், சின்ன ஸ்பானர்.

கணவாயில் நிற்கும் வண்டிக்கு அந்த ஸ்பானரே போதுமாயிருக்கலாம். ஹெட்லைட்டைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, ஆம்மீட்டரின் நட்டை இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டியதுதான். முள் கழித்தல் பக்கம் சாய்ந்தால் அந்த நேரத்தில் அதைவிட நல்ல சேதி வேறில்லை.