கேட்கும் நேரமும் கேட்கும் கேள்வியும்

விரிவுரை முடியக் கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு தாள் வரிசை வரிசையாகக் கைமாறும். விரிவுரையாளர் நேரத்துக்கு வந்தாரா, குரல் பின்வரிசைக்குக் கேட்டதா, ஸ்லைடுகள் தெளிவாக இருந்தனவா, மொத்தத்தில் எவ்வளவு திருப்தி என்ற கேள்விகளுக்கு நேரே ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள். அடுத்த வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் நாலாம் கட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரே சீராகப் புள்ளடி போட்டுக் கொடுத்துவிடுவது எளிது. தாள்கள் தர உறுதிப்பாட்டுக் கோப்பில் சேர்ந்துவிடும், மாணவரின் கருத்தைக் கேட்டாயிற்று என்ற எண்ணம் பீடத்துக்கும் வந்துவிடும். இரத்தினபுரியில் இயங்கும் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் தொடங்கிப் பத்தாண்டுகூட ஆகவில்லை. அதன் பழக்கங்கள் இன்னும் இறுகிப்போகாத இந்தக் காலத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்: மாணவரின் கருத்து கட்டாயம் வேண்டும், ஆனால் அதைப் பிழையான நேரத்தில் பிழையான கேள்வி கொண்டு வாங்குகிறோம்.

இந்தப் படிவங்களை நம்ப முடியாது என்பதற்கு ஆதாரம் அரை நூற்றாண்டாகச் சேர்ந்து கிடக்கிறது. 1970-ல் அமெரிக்காவில் ஒரு நடிகரை 'டொக்டர் ஃபொக்ஸ்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தி, அவருக்கு ஒன்றுமே தெரியாத ஒரு துறையில், மருத்துவக் கல்வியில் ஈடுபட்டிருந்த உளநல நிபுணர்கள் முன்னிலையில் பேச வைத்தார்கள். பேச்சு முன்னுக்குப்பின் முரணானது, வேண்டுமென்றே வெறுமையானது. கேட்டவர்களோ நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஆய்வு 1973-ல் ஒரு மருத்துவக் கல்வி இதழில் வெளிவந்தது. 2017-ல் உட்ல் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாணவர் தரும் மதிப்பீட்டுக்கும் அவர்கள் உண்மையில் கற்ற அளவுக்கும் தொடர்பு இல்லை என்றே கண்டார்கள். ஹார்வர்டில் பௌதிகவியல் மாணவரிடையே நடந்து 2019-ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. கணக்கோடு தாங்களே மல்லுக்கட்டிய வகுப்பில் மாணவர் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்றுவிட்டு அதிகம் கற்றதாக நம்பினார்கள். ஒரு விடயம் எளிதாகக் காதில் ஏறுவதை அது விளங்கிவிட்டதாக எடுத்துக்கொள்வது மனித இயல்பு. மாணவரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதைக் காட்டி, மாணவரிடம் கேட்பதே வீண் என்று சொல்லும் மூத்த விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவு ஆதாரத்திலிருந்து வருவதில்லை. 'நன்றாக இருந்ததா' என்ற கேள்விக்கு மாணவரால் நம்பகமாகப் பதில் சொல்ல முடியாது என்பதையே இந்த ஆய்வுகள் நிறுவுகின்றன. எந்த இடத்தில் புரியாமல் போனது என்பதற்கு அவர்களைவிட நல்ல சாட்சி வேறு யாருமில்லை. அந்தச் சாட்சியம் ஏற்கெனவே நம் கண்முன்னே கிடக்கிறது. பரீட்சைக்கு முன்னர் விடுதிகளில் இரவிரவாக நடக்கும், மாணவரே மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் குப்பி வகுப்புகளைப் பாருங்கள். எந்தத் தலைப்புக்குச் சீனியர் ஒருவர் குப்பி எடுக்க வேண்டியிருந்ததோ, அந்தத் தலைப்பில் விரிவுரை தன் வேலையைச் செய்யவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 80 வீத வரவு கட்டாயமாக இருக்கும்போது நிரம்பிய மண்டபம் எதையும் நிரூபிக்காது. குப்பிக்கு வரவுப் பதிவு கிடையாது, ஆகவே அங்கே திரளும் கூட்டம் நமக்கு ஒரு தகவல். மொழியும் இதில் சேர்கிறது. உயர்தரம் வரை சிங்களத்திலோ தமிழிலோ படித்த பிள்ளை முதல் வருடத்திலேயே ஆங்கில விரிவுரைக்குள் விழுகிறது. புரியாதது உடற்றொழிலியலா ஆங்கிலமா என்று அந்தப் பிள்ளைக்கே பிரித்துச் சொல்ல முடியாத நிலையில், ஐந்து கட்டங்களால் எப்படிப் பிரிக்க முடியும்?

சரி, எங்கே கேட்பது? வாட்டில் கேட்க வேண்டும். எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 2008-ல் நாட்டில் 7,000-க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள். இரத்தினபுரியும் கேகாலையும் ஆண்டுதோறும் அந்தப் பட்டியலின் மேல்வரிசையில் இருக்கும் மாவட்டங்கள். விரிவுரையில் கிருமியின் வகைகள், நோயின் இரு கட்டங்கள், மஞ்சட்காமாலையோடு கூடிய கடும் நிலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் இரத்தக்கசிவு எல்லாம் ஒழுங்காக வந்திருக்கும். இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தோ தெரணியகலையிலிருந்தோ ஒருவர் வாட்டுக்கு வருகிறார் என்று வையுங்கள். 'மூணு நாளா காய்ச்சல், கெண்டக்கால் புடிச்சு இழுக்குது, நிக்க முடியல' என்கிறார். முதல் நாட்களில் டெங்குவும் இப்படித்தான் தோன்றும். மாணவர் அடுத்துக் கேட்க வேண்டியது, கடந்த சில வாரங்களில் என்ன வேலை செய்தீர்கள் என்பது: கான் வெட்டினாரா, வயலில் இறங்கினாரா, மாணிக்கக் குழியில் நீர் இறைத்தாரா, காலில் வெட்டுக்காயம் இருந்ததா. இந்த ஒரு கேள்வி மாணவரின் வாயில் தானாக வந்தால் அந்த விரிவுரை தரமானது. வராவிட்டால், நாலரைப் புள்ளி வாங்கிய விரிவுரையாக இருந்தாலும் அது தோட்டத்து லயத்தை எட்டவில்லை. இந்த இடைவெளியை முதலில் உணர்பவர் மாணவரே. நோயாளியின் கட்டிலருகே நின்று அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் தடுமாறும் அந்தக் கணத்துக்கு ஈடாக எந்தப் படிவமும் கிடையாது.

ஆகவே மருத்துவச் சுழற்சி ஒன்று முடிந்தபின், மூன்றே கேள்விகள் போதும். இந்த வாட்டில் எதைக் கண்டபோது விரிவுரையில் கேட்டது கைகொடுத்தது? எது கைகொடுக்கவில்லை, அல்லது விரிவுரையில் வரவே இல்லை? எதைக் குப்பியிலோ நண்பரிடமோ திரும்பப் படிக்க வேண்டியிருந்தது? இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மாதங்கள் கடந்து கேட்டால் மாணவர் எந்த விரிவுரையாளர் எதைச் சொன்னார் என்பதை மறந்திருப்பார், வாட்டில் கற்றதையும் மண்டபத்தில் கற்றதையும் கலந்துவிடுவார். உண்மைதான். அதனால் கேள்வி தலைப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும், ஆளைப் பற்றியதாக இருக்கக் கூடாது. ஆளைப் பற்றிய புள்ளிகளில் வேறொரு கேடும் இருக்கிறது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் பெறப்பட்ட தரவுகளை வைத்து 2016-ல் வெளியான ஆய்வு, பெண் ஆசிரியருக்கு எதிரான சார்பு இந்தப் புள்ளிகளில் ஊறியிருப்பதைக் காட்டியது. அப்படிப்பட்ட எண்ணைப் பதவி உயர்வுக் கோப்பில் வைப்பது அநீதி.

இன்னொரு மறுப்பு வேலைப்பளு. 2022-க்குப் பின் நாட்டை விட்டுப் போன வைத்தியர்களின் வெற்றிடம் பல வைத்தியசாலைகளில் தெரிகிறது. வாட்டைப் பார்த்துவிட்டு வந்து விரிவுரை எடுக்கும் விசேட வைத்திய நிபுணரிடம் இன்னொரு கடதாசிக் கட்டைக் கொடுப்பதா? கட்டு வேண்டாம். ஒரு குழுவில் இருபது பேரின் பதில்கள் கையில் இருந்தாலே எது திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரிந்துவிடும். கூட்டல் கழித்தல் தேவையில்லை, ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்தால் போதும். விரிவுரையையே ஒழித்துவிடலாமே என்ற குரலும் அவ்வப்போது எழுகிறது. 2014-ல் 225 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு, மாணவர் ஈடுபட்டுக் கற்கும் வகுப்புகளோடு ஒப்பிட்டால் வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று சொன்னதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபுணரின் அனுபவத்தை முழு பேட்சுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க நமக்குள்ள மலிவான வழி இன்றும் அதுதான். அதன் நடுவே இரண்டு கேள்வி கேட்டு, மாணவரைப் பேசவிட்டு, மீண்டும் தொடர்வதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

பதிலை எழுத மொழித் தடை வைக்கக் கூடாது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதச் சொன்னால் யாருக்கு அதிகம் புரியாமல் போனதோ அவரே மிகக் குறைவாக எழுதுவார். சிங்களத்திலும் தமிழிலும் எழுதலாம் என்று தாளின் மேலேயே அச்சிட வேண்டும், தமிழில் வரும் பதில்களை வாசிக்கப் பீடத்தில் ஒருவரை நியமிக்கவும் வேண்டும். வாசித்தபின் அதே பேட்சின் அடுத்த விரிவுரையின் தொடக்கத்தில், எதை மாற்றப் போகிறோம், எதை மாற்ற முடியாது, ஏன் முடியாது என்பதை விரிவுரையாளரே நேரில் சொல்ல வேண்டும்.