வண்டியில் ஏறும் குதிரைக்குச் சேணம் எதற்கு?

சென்ற திங்கள் நமது சங்க நூலகத்தில் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு சந்தேகம் கேட்டார். அவர் திருநெல்வேலிப் பக்கத்தவர். புனேயில் குடியேறிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டு வயதுடைய அவர் மகள் இரண்டாண்டுகளாகக் குதிரையேற்றம் பயின்று வருகிறாள். (பிழைக்க வந்த ஊரில் நம் பிள்ளைகள் எதையெல்லாமோ கற்கிறார்கள்! பாட்டும் பரதமும் போதாவா என்று அக்குழந்தையின் பாட்டியார் அலுத்துக்கொள்வது என் காதிலும் விழுந்திருக்கிறது.) ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டர் தொலைவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி. காலை ஏழரை மணிக்குக் களத்தில் நிற்க வேண்டும்.

“ஐயா, லாயத்திலேயே சேணம், கடிவாளம் எல்லாம் பூட்டி வண்டியில் ஏற்றிவிட்டால், அங்கே இறக்கியவுடன் ஏறி உட்கார வேண்டியதுதானே? அரைமணி நேரம் மிச்சமாகுமே!” என்றார் அன்பர்.

கால்நடை மருத்துவத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் அவருக்கு நான் சொன்ன விடையையே இம்மாதம் எழுதுகிறேன். நம்மவர் குழந்தைகள் வேறு சிலரும் இப்போது குதிரை ஏறுகிறார்கள் என்று அறிகிறேன்.

முற்காலத்தில் இக்கேள்விக்கு இடமே இல்லை. நிலத்தில் குதிரை எங்கே வேண்டுமோ அங்கே தன் காலால் நடந்தே சென்றது. இங்கிலாந்தில் 1836-ஆம் ஆண்டு ஜார்ஜ் பென்டிங்க் பிரபு, எலிஸ் என்ற பந்தயக் குதிரையை ஒரு பெட்டிவண்டியில் ஏற்றி, வேறு குதிரைகளைக் கொண்டு இழுக்கச் செய்து, ஏறத்தாழ 250 மைல் தொலைவிலிருந்த டான்காஸ்டர் களத்துக்குக் கொண்டுசென்றார். நடந்து வந்தால் உரிய நாளில் வந்து சேராது என்று எண்ணியவர்கள் அக்குதிரைக்கு எதிராகப் பணம் கட்டியிருந்தார்கள். எலிஸ் களைப்பின்றி வந்திறங்கி, செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றது. குதிரையைச் சுமந்து செல்வதன் பயனை அன்றுதான் பலரும் கண்டுகொண்டனர். கடல்வழியோ இதற்கு மிக முந்தியது. ஹோர்முஸ் துறைமுகத்தில் கப்பற் சரக்கின்மேல் தோல்களைப் பரப்பி, அதன்மேல் குதிரைகளை நிறுத்தி இந்தியாவுக்கு அனுப்பியதாக மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பாண்டிய நாட்டுக்கு வந்த குதிரைகள் கடலில் பட்ட பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

சேணத்தோடு ஏற்றும் வழக்கம் உலகில் இல்லாமலும் இல்லை. அமெரிக்க நாட்டு மாட்டுப் பண்ணையார்கள் சேணம் பூட்டிய குதிரைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேய்ச்சல் நிலத்துக்குப் போவது அன்றாடக் காட்சி. இங்கிலாந்திலும் வேட்டைக்குச் செல்வோர் சிலர் அவ்வாறே செய்வதுண்டு. ஆகவே அன்பரின் யோசனையை அறியாமை என்று தள்ளிவிட நான் துணியவில்லை. ஆனால் அவர் சேணத்தையும் கடிவாளத்தையும் ஒரே மூச்சில் சொன்னாரே, அங்கேதான் தவறு. சேணத்தைப் பற்றி வாதாடலாம். கடிவாளத்தைப் பற்றி வாதத்துக்கே இடமில்லை.

குதிரையின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே வெற்று ஈறாக ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான், நாவின்மேலும் ஈற்றின்மேலும் படிந்து நிற்கிறது. அந்த ஈற்றின் தோல் மெல்லியது. அடியில் உடனே எலும்பு. சவாரி செய்பவரின் கை மென்மையாக இருக்கும்வரை அது பேச்சுக்குரிய கருவி. அதே இரும்பின் வாரை ஒரு வளையத்தில் கட்டிவிட்டு வண்டியை ஓட்டினால், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அது தண்டனைக் கருவியாகிவிடுகிறது.

இதை நான் நூலில் படித்து அறிந்துகொள்ளவில்லை. 1983-ஆம் ஆண்டு, பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சாம்பல்நிறப் பெண்குதிரையைச் சந்தைத் திடலுக்கு லாரியில் அனுப்ப வேண்டியிருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று கடிவாளத்தோடு ஏற்றி, வாரைப் பக்கக் கம்பியில் கட்டச் சொன்னேன். குதிரைக்காரர் வயதானவர், “தலைக்கயிறு போதுமே, சாஹிப்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. வழியில் எருமை ஒன்று குறுக்கே வர, லாரி குலுங்கி நின்றது. குதிரை தலையைப் பின்னுக்கு வெட்டி இழுத்தது. வாரும் அறவில்லை, முடிச்சும் அவிழவில்லை. இறக்கியபோது வாயிலிருந்து இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஈறு எலும்புவரை கிழிந்திருந்தது. புண் ஆறிற்று, ஆனால் அந்தக் குதிரை அதன்பின் கடிவாளத்தைக் கண்டாலே தலையை வானத்துக்குத் தூக்கிக்கொள்ளும். அந்தக் குதிரைக்காரர் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வாயில் இரும்பின்றி முகத்தைச் சுற்றி அமையும் தலைக்கயிறே பயணத்துக்கு உரியது. அதையும் ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சாகவே போட வேண்டும். குதிரை தன் தலையையும் கழுத்தையும் அசைத்தே நிலைகொள்ளுகிறது. வளைவிலும் மேட்டிலும் ஓயாமல் காலை மாற்றி ஊன்றுகிறது. நாம் நிற்பதாக நினைக்கிறோம். அது வழி நெடுக உழைத்துக்கொண்டிருக்கிறது. பல மணி நேரப் பயணமாயின் தலையைத் தாழ்த்தவும் இடம் தர வேண்டும். தலையை உயர்த்தியே கட்டிவைத்தால் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியேற வழியின்றி நுரையீரல் அழற்சி காணும். தொலைதூரம் சென்ற குதிரைகள் இறங்கிய மறுநாளோ மூன்றாம் நாளோ காய்ச்சலில் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனிச் சேணம். கால்மணி நேரத் தொலைவு, பழகிய குதிரை, மூடிய வண்டி என்றால் சேணத்தோடு ஏற்றுவதை நான் தடுக்கமாட்டேன். அங்கவடிகளை மேலே ஏற்றிக் கட்டிவிட வேண்டும். தொங்கினால் தடுப்புக் கம்பியில் மாட்டும். வயிற்றுவாரை மிக இறுக்கவும் கூடாது, தளர விடவும் கூடாது. தளர்ந்தால் சேணம் சரிந்து வயிற்றடிக்குப் போகும். அப்போது குதிரை மிரண்டு உதைக்கும் உதையில் வண்டியின் பலகையே பெயரும். நாற்பது கிலோமீட்டருக்கு இத்தனை கவலை எதற்கு? நம் வெயிலில் சேணத்தின் அடியில் முதுகு வேர்த்துப் புழுங்கும். குதிரை தடுப்பின்மேல் சாய்ந்தால் சேணத்தின் உட்சட்டம் முறியவும் கூடும். அதன் விலை அன்பருக்கு நன்றாகவே தெரியும்.

நம் ஊரிலேயே சான்று உண்டு. மும்பைக்கும் புனேக்கும் இடையே பருவந்தோறும் பந்தயக் குதிரைகள் கண்டாலா மலைவழியே வண்டிகளில் வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் எதன் முதுகிலும் சேணம் இராது. பந்தயத்தில் ஓட்டுபவர் தம் சேணத்தையும் கையில் ஏந்தித்தான் எடைத்தட்டில் ஏறுகிறார். அதன் பின்னரே அது குதிரையின் முதுகில் ஏறும். இலட்சக்கணக்கில் பணம் புரளும் இடத்திலேயே களத்தில்தான் சேணம் பூட்டுகிறார்கள்.

மேலும், அன்பர் கணக்கிட்ட அந்த அரைமணி நேரம் உண்மையில் மிச்சமாவதே இல்லை. பழகிய கைகள் சேணமும் கடிவாளமும் பூட்டப் பத்து நிமிடம் போதும். இறக்கியவுடன் ஏறி உட்காருவது என்பதோ, எப்படி ஏற்றி வந்தாலும் கூடாத காரியம். கால்களை நீட்டிச் சற்று நடக்க வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். எங்கேனும் உரசல் காயம் உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும். வெற்று முதுகாக இருந்தால் அதுவும் எளிது.

பின்னர் அன்பர் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னார். ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டார்களாம். சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு மகள் காரில் பின்தொடர்ந்திருக்கிறாள். களத்தில் நான்காம் இடம் கிடைத்தது. பாட்டியாரும் சென்றிருந்தார், குதிரைக்குத் தண்ணீர் வாளியைப் பிடித்தவர் அவரேயாம்! ஆனால் திரும்பும்போது குதிரை வண்டியில் ஏற மறுத்து முக்கால் மணி நேரம் அடம் பிடித்திருக்கிறது. அதற்கு என்ன வழி என்று அன்பர் கேட்கிறார். அதனை அடுத்த திங்கள் எழுதுகிறேன்.