செஞ்சிக்கோட்டையும் நனைஞ்ச குடும்பமும்

"செஞ்சிக்கோட்டைக்குப் போயிட்டு வந்தேன்"னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. அடுத்த கேள்வி ரெடியா வரும். "மேல வரைக்கும் ஏறினியா?" ஆமான்னா நீங்க கோட்டை பார்த்தவர். இல்லைன்னா சும்மா வண்டில போயிட்டு வந்தவர். இந்தக் கேள்வி மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. போன ஐப்பசியில குடும்பத்தோட போய் சொட்டச் சொட்ட நனைஞ்சிட்டு வந்த பிறகு அந்தக் கடுப்பு ஒரு கொள்கையாவே ஆயிடுச்சு. அதான் இந்தப் பதிவு.

கொள்கை இதுதான் மக்களே: மழைநாள்ல செஞ்சியைக் கீழே இருந்தே பாருங்க. வெயில் நாளா இருந்தாலும் முதல்ல கீழ்க்கோட்டை, அப்புறம்தான் உச்சி.

நான் இப்படிப் பேசறதுக்கு என் ஊரும் ஒரு காரணம். நமக்கு அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையிலயே இருக்கற ஊர். (ஆதி அண்ணாமலைன்னும் சொல்லுவாங்க.) பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனம் 14 கிலோமீட்டர் நடந்து மலையைச் சுத்திட்டுப் போகுது. அவங்ககிட்ட யாராவது "உச்சிக்கு ஏறினியா?"ன்னு கேட்கறாங்களா? கேட்க மாட்டாங்க. எங்க ஊர்ல மலைன்னா சுத்தறதுதான். அப்படி இருக்கறப்ப, இங்கேருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கற செஞ்சிக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

நாங்க போனது ஆறு பேர். நான், தங்கமணி, ரெண்டு வாண்டுங்க, முட்டிவலியோட அம்மா, சென்னையிலேருந்து வந்திருந்த மச்சான். கீழ்பென்னாத்தூர் தாண்டறப்பவே தூறல். கோட்டை வாசல்ல இறங்கறப்ப நல்ல மழை. ராஜகிரி படிக்கட்டுப் பக்கம் இருந்த காவலர் கையை நீட்டித் தடுத்துட்டார். "மழையில மேல விடறதில்ல சார். பாறை வழுக்கும்."

மச்சானுக்கு முகம் தொங்கிப் போச்சு. "மாமா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" அம்மா மட்டும் சிரிச்சாங்க. "அப்பாடா, இன்னிக்காவது பைக்குக் காவலா என்னைய உட்கார வெக்காம இருப்பீங்கடா."

யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு நிஜம்! மலைக்கோட்டைக்குப் போற ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒருத்தர் கீழே மரத்தடியில பை, செருப்பு, தண்ணி பாட்டிலோட உட்கார்ந்திருப்பாங்க. பாட்டி, இல்லைன்னா கைக்குழந்தைக்காரி. மத்தவங்க மேலே போய் போட்டோ எடுத்துட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு வருவாங்க. அதுக்குப் பேரு குடும்பச் சுற்றுலா! அன்னிக்கு மழை புண்ணியத்துல ஆறு பேரும் ஒண்ணாவே சுத்தினோம்.

சரி, கீழே அப்படி என்ன இருக்கு? கல்யாண மஹால் இருக்கு. நடுவுல அடுக்கு அடுக்கா ஏறுற கோபுரம், சுத்தி அறைங்க. பக்கத்துல களஞ்சியம். மழைக்கு ஒதுங்கி அதுக்குள்ள நின்னப்ப வெளியே கொட்டுது, உள்ளே தரை காய்ஞ்சு கிடக்கு. நெல்லு நனையக் கூடாதுன்னா எப்படிக் கட்டணும்ங்கறதைப் பசங்களுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கல.

ஆனா மழைநாள்ல பார்க்க வேண்டிய முக்கியமான சமாச்சாரம் தண்ணி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மூணையும் இணைச்சு சுமார் 13 கிலோமீட்டருக்கு மதில். ராஜகிரி உச்சி சுமார் 800 அடி உயரம். முழுக்கப் பாறை. பாறையில விழற தண்ணி நிக்காதுல்ல? அதைப் பிடிச்சு வெக்கத்தான் மேலே சுனைங்க, கீழே தேக்கங்கள், யானைக் குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம் எல்லாம். கல்யாண மஹாலுக்கு வெளியே இருந்து மண் குழாய் வழியா தண்ணி கொண்டு வந்திருக்காங்க. வெயில் நாள்ல போனா இதெல்லாம் பாசி பிடிச்ச பள்ளம். மழையில போனாத்தான் பாறைமேல ஓடி வர்ற தண்ணி எங்கே சேருதுன்னு கண்ணால பார்க்கலாம். என் சின்னவன் ஒரு ஓடைத் தண்ணி பின்னாடியே குடையோட ஓடினான் :-)

1677-ல சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடிச்சார். 1689-ல அவர் மகன் ராஜாராம் மொகலாயர்கிட்டேருந்து தப்பிச்சு இங்கதான் வந்து சேர்ந்தார். ஜுல்பிகர் கான் முற்றுகை போட்டு, 1698-லதான் கோட்டை விழுந்தது. ஏறக்குறைய எட்டு வருஷம்! அப்பவும் ராஜாராம் கையில சிக்கல. மதில் எதிரியை வெளியே நிறுத்தும், சரி. உள்ளே இருக்கறவன் எட்டு வருஷம் எதைக் குடிச்சான்? அந்தக் குளங்களும் களஞ்சியமும் இல்லாம இந்தக் கதையே இல்ல. நாமளோ 1714-ல செத்துப்போன தேசிங்கு ராஜாவையும் அவர் குதிரையையும் மட்டும் சொல்லிட்டுப் பசங்களைப் படியேத்தறோம்.

மச்சான் சும்மா விடல. "மேலேருந்து பார்த்தாத்தான் மாமா மூணு மலையும் முக்கோணமா நிக்கறது புரியும். ரங்கநாதர் கோயில், பீரங்கி எல்லாம் அங்கதானே?" நியாயமான பேச்சு. உச்சி வேண்டாம்னு நான் சொல்லல. தை மாசம் வா, காலங்காத்தால ஏறு. மழையில "அஞ்சே நிமிஷம் விடுங்க சார்"னு காவலர்கிட்ட மல்லுக்கு நிக்காதேங்கறேன்.

இதுல எங்க ஊர்க்காரனுக்கு விளையாட்டுப் பேச்சே கிடையாது. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில எங்க மலைச்சரிவுல மண்ணும் பாறையும் சரிஞ்சு வ.உ.சி. நகர்ல வீட்டு மேல விழுந்துச்சு. 7 பேர் போயிட்டாங்க, அதுல 5 பேர் குழந்தைங்க. அந்த வருஷம் தீபத்துக்கு பக்தர்களை மலையேற விடல. தலைமுறை தலைமுறையா பார்த்துப் பழகின மலையே அப்படின்னா, வருஷத்துக்கு ஒரு தடவை போற மலையில நமக்கு என்ன தைரியம்?

2025 ஜூலையில யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. 11 மகாராஷ்டிராவுல, மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி. இனி கூட்டம் கூடும். என் ஆசை ரெண்டே ரெண்டு. தண்ணி எங்கே பிறந்து எங்கே சேருதுன்னு தமிழ்ல ஒரு வரைபடம் நுழைவுச் சீட்டோட கையில கொடுக்கணும். குச்சி ஊன்றி நடக்கற அம்மாவும் சுத்தி வர்ற மாதிரி குளம், களஞ்சியம், மஹால்னு ஒரு கீழ்ப்பாதை வேணும். சுருக்கமா, கோட்டைக்கு ஒரு கிரிவலம்!

உங்க வீட்டுல பைக்குக் காவல் இருக்கறது யாரு மக்களே? அடுத்த தடவை அவங்களைக் கேட்டுட்டு ஊரை முடிவு பண்ணுங்க.

பி.கு: குடை எடுத்துட்டுப் போங்க, ஆனா அங்க அடிக்கற காத்துக்கு அதை நம்பாதீங்க. எங்களோடது ரெண்டு போச்சு.