எழுபத்தோராவது வளைவு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறுகிறவர்களில் சிலர் அவற்றை எண்ணிக்கொண்டே போகிறார்கள். மற்றவர்கள் எண்ணும் நிலையில் இருப்பதில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் மிளகு விலையும் அன்னாசி விளைச்சலுந்தான் முன்னெல்லாம் காதில் விழும். இப்போது அவற்றோடு புதிய குறை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "வைஃபை சுத்திக்கிட்டே நிக்குதுங்க" என்கிறார்கள் செம்மேட்டுக்காரர்கள்.

இதற்கு ஜனங்கள் கண்டிருக்கும் பரிகாரம் ஒன்றே: கூடுதல் பணம் கட்டி, இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறிவிடுவது. மிளகு விற்ற காசு இப்படிக் காற்றோடு போவது நமக்குச் சற்றும் சம்மதமில்லை. வியாதி எங்கே இருக்கிறதென்று பாராமலே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவது எந்த வைத்திய சாஸ்திரம்?

உலகத்துச் செய்தி நமது கைபேசிக்கு வருவதற்குள் இரண்டு யாத்திரைகள் செய்கிறது. கண்ணாடி இழையின் வழியாகவோ, செல்பேசிக் கோபுரத்திலிருந்தோ நம் வீட்டு ரவுட்டர் பெட்டிக்கு வந்து சேர்வது முதல் யாத்திரை. அந்தப் பெட்டியிலிருந்து கூடத்தையும் அடுக்களையையும் கடந்து நம் கைக்கு வருவது இரண்டாவது. வைஃபை என்ற பெயர் இரண்டாவதற்கு மட்டுமே உரியது. முதலாவதன் குற்றத்துக்கு இரண்டாவதையும், இரண்டாவதன் குற்றத்துக்கு முதலாவதையும் வைவதே நம்மவர் வழக்கமாயிருக்கிறது.

எது குற்றவாளி என்று கண்டுபிடிப்பது சுலபம். வீட்டிலுள்ள மற்ற கருவிகளை நிறுத்திவிட்டு, ஒரு கணினியைக் கம்பியால் பெட்டியோடு இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். கணினி இல்லாதவர்கள் பெட்டிக்கு நாலடி தூரத்தில் நின்று கைபேசியில் அளக்கலாம். பிறகு உள் அறைக்குப் போய் மறுபடியும் அளக்கவேண்டும். முதல் அளவிலேயே மந்தமென்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. பெட்டியருகே குதிரையும் உள் அறையில் ஆமையுமாக இருந்தால், 70 வளைவுகளைத் தாண்டி வந்த செய்தி நம் வீட்டுக்குள்ளே இருக்கும் எழுபத்தோராவது வளைவில் சிக்கிக்கொண்டது என்று அறியலாம்.

அளக்கும்போது ஒரு கணக்கை மறக்கலாகாது. கம்பெனிக்காரர்கள் வேகத்தைச் சொல்வது மெகாபிட்டில். நாம் இறக்கும் பாடத்தின் அளவோ மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 40 மெகாபிட் என்று விளம்பரம் செய்யப்பட்ட இணைப்பில், அந்த வேகம் முழுதும் கிடைத்தால்கூட, விநாடிக்கு 5 மெகாபைட்தான் வரும். 300 மெகாபைட் பாடம் ஒன்று வந்து சேர ஒரு நிமிஷம் ஆகும். அது மோசடியல்ல, வகுத்தல் கணக்கு.

கம்பியின் துணையில்லாமல் அலையை அனுப்பலாமென்பது நம் தேசத்துக்குப் புதிய விஷயமன்று. 1895-ம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அவர்கள் அவ்வாறு அலைகளைச் செலுத்தி, தூரத்திலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். இன்று நம் வீட்டுப் பெட்டி இருவகை அலைகளை வீசுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதில் பாதிதான். நெட்டை அலை வேகம் குறைந்தது, ஆனால் சுவர்களைக் கடந்து தூரம் போகும். குட்டை அலை வெகு வேகம். இரண்டு சுவர் தாண்டுவதற்குள் களைத்துவிடும். பெட்டி இருக்கும் அறையில் படிப்பவர் 5-ஐயும், கோடி அறையில் இருப்பவர் 2.4-ஐயும் தேர்ந்துகொள்வது உத்தமம்.

இவ்வளவு அருமையான பெட்டியை நாம் வைக்கும் இடம் இருக்கிறதே! அழகாயில்லை என்று சிலர் பீரோவுக்குப் பின்னால் தள்ளுகிறார்கள். சிலர் தொலைக்காட்சிக்குப் பின்னே தரையில் கிடத்துகிறார்கள். குடத்திலிட்ட விளக்கு என்பது இதுதான். இரும்பு பீரோ, முகம் பார்க்கும் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் யாவும் அலைக்குச் சத்துருக்கள். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எவர்சில்வர்ப் பாத்திர அலமாரியின் பின்னாலிருந்த பெட்டியை எடுத்து, நடுக்கூடத்துச் சுவரில் ஆள் உயரத்தில் மாட்டினார்கள். செலவு இரண்டு ஆணிகள். உள் அறையில் நின்று நின்று வந்த பாடம் அன்று மாலையே தடையின்றி ஓடிற்று.

கோபுரத்திலிருந்து நேரே அலையை வாங்கும் பெட்டி வைத்திருப்போருக்கு மலையில் வேறு சங்கடங்களும் உண்டு. தகரக் கூரை அலையைத் திருப்பி எறிந்துவிடும். சவுக்கு மரமும் பலாவும் அடர்ந்த இடத்தில், மழையில் நனைந்த இலைகள் அதைக் குடித்துவிடும். கோபுரத்தை நோக்கிய ஜன்னலருகே பெட்டியை வைப்பதே அங்கே நல்லது.

இன்னொன்று. ஒரே அலைவரிசையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். வகுப்பில் மெதுவாக வாசிக்கும் பையன் எழுந்து நின்றால் எல்லோரும் காத்திருக்கவேண்டுமல்லவா? பழைய கைபேசி ஒன்று வீட்டிலுள்ள அத்தனை பேரையும் காக்க வைப்பது அப்படித்தான். மலிவான 'ரிப்பீட்டர்' கருவி கேட்டதையெல்லாம் இரண்டாம் முறை சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. அந்தப் பணத்துக்கு உள் அறைவரை கம்பி இழுத்துவிடலாம். அண்டை வீட்டார் அலை மோதும் தொல்லைக்கு 1, 6, 11 என்ற சானல்களில் ஒன்றுக்கு மாறுவது வழி. நாமக்கல் நகரத்துத் தெருக்களுக்கு அது அவசியம். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் மலைக் கிராமங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

முதல் யாத்திரையே மந்தமென்று அளவு சொன்னால்? அப்போது பெட்டியை எங்கே மாட்டியும் பயனில்லை. நாட்டின் கிராமப் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை 2011-ல் அனுமதி அளித்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. ஆனால் பஞ்சாயத்துக் கட்டடத்தின் வாசலுக்கு இழை வருவதும், காட்டோரத்துக் குடியானவர் வீட்டுக்கு வருவதும் ஒன்றல்ல. 'பிராட்பேண்ட்' என்ற பெயருக்கு 2013 முதல் விநாடிக்கு 512 கிலோபிட் போதுமென்றிருந்த சர்க்கார், 2023 ஜனவரியில் அதை 2 மெகாபிட்டாக உயர்த்தியது. அதையும் ஓர் அளவென்று மெச்ச நம்மால் ஆகவில்லை. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் 2 மெகாபிட் ஒரு பிள்ளைக்கே தாளம் போடும். 2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது சிக்னல் எட்டிய வீட்டுப் பிள்ளை படித்தது. எட்டாத வீட்டுப் பிள்ளை காத்திருந்தது. ஜாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதும் இன்று இந்த வழியாகத்தான்.

ஆகவே கொல்லிமலை நேயர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போடவேண்டும். காலை 6 மணி, இரவு 8 மணி, மழை விட்டபின் என்று ஒரு வாரம் பெட்டியருகே அளந்து, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். இரவில் மட்டும் குறைந்தால் பாதையில் நெரிசல். மழைக்குப் பின் குறைந்தால் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே கோளாறு. எந்நேரமும் குறைவென்றால் கட்டணம் வாங்குகிறவர் பதில் சொல்லவேண்டும். பத்து வீட்டு நோட்டுகள் ஒன்றாகச் சேர்ந்தால், ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் கூடும் கிராம சபையில் வெறும் முறையீட்டுக்குப் பதில் கணக்கையே எடுத்து வைத்து, தீர்மானம் எழுதச் சொல்லலாம்.